மலையில் ஒரு வேலையைத் தேதிக்குள் முடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் பள்ளி விடுதி, சின்ன ஆஸ்பத்திரி, தேயிலை ஃபேக்டரி என்று பல இடங்களுக்கு வேலைத் திட்டம் போட்டுக் கொடுத்து, முடியும் வரை கூட இருந்து பார்ப்பது என் பிழைப்பு. கட்டடம் புதுப்பிப்பதோ, மிஷின் மாற்றுவதோ, பழைய கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதோ, எதுவானாலும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

பத்து பேர்தான் இருக்கிறோம், எல்லாருக்கும் வேலை தெரியும். அட்டவணை என்று ஒன்று எழுதத்தான் வேண்டுமா?

வேலை தெரிந்திருப்பது வேறு, யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்திருப்பது வேறு. பெயிண்டர் காலை எட்டரைக்கு வருகிறார். சுவரில் கையை வைத்துப் பார்க்கிறார், ஈரம். டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறார். வந்ததற்குப் பாதிக் கூலியாவது கொடுத்தாக வேண்டும். இதில் யாரும் தப்புச் செய்யவில்லை. பூச்சு எப்போது காயும் என்று எந்தத் தாளிலும் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு பக்கத் தாள் போதும். ஆனால் அதில் காத்திருப்பையும் ஒரு வேலையாக எழுத வேண்டும். நான் பார்த்த அட்டவணைகளில் பெரும்பாலானவை ஆள் கையால் செய்வதை மட்டும் எழுதியிருக்கும். காய்வது, ஆறுவது, அனுமதிக் கடிதம் வருவது, லாரி ஏறி வருவது எல்லாம் விட்டுப் போயிருக்கும். மலையில் பாதி நாள் அதற்குத்தான் போகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். கோத்தகிரி பக்கம் ஒரு மாணவர் விடுதியின் சமையலறையைப் புதுப்பித்தோம். வேலைகள் இவை: பழைய ஓடு, மேடை எல்லாம் உடைத்து எடுக்க 2 நாள். பிளம்பிங் 3 நாள். வயரிங் 2 நாள், பிளம்பிங்கோடு கூடவே ஓடலாம். பூச்சு 4 நாள். பூச்சுக்குத் தண்ணீர் விட்டுக் காய விட 6 நாள். டைல்ஸ் 4 நாள். கிரானைட் மேடை 2 நாள். இதற்கு நடுவில் அடுப்புக்கு மேலே வைக்கும் புகைக்கூண்டை மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் செய்ய 12 நாள், மாட்ட 1 நாள். உடைத்த பிறகுதான் அளவு எடுக்க முடியும்.

இதை எழுதிவிட்டு, ‘எது முடிந்தால் எது தொடங்கும்’ என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். உடைப்பு, பிளம்பிங், பூச்சு, காய்வது, டைல்ஸ், மேடை: 2+3+4+6+4+2, ஆக 21 நாள். இதுதான் மிக நீளமான சங்கிலி. இதில் எது ஒரு நாள் தள்ளினாலும் முடிவுத் தேதி ஒரு நாள் தள்ளும். இதற்கு கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். வயரிங்குக்கு ஒரு நாள் கையிருப்பு இருக்கிறது, அதாவது அது ஒரு நாள் தள்ளினாலும் முடிவுத் தேதி தள்ளாது. புகைக்கூண்டு 14-ஆம் நாளே தயார், மாட்டுவது கடைசி நாளில்தான், ஆகவே அதற்கு 6 நாள் கையிருப்பு. பட்டறைக்காரரைத் தினமும் போனில் பிடித்துத் திட்ட வேண்டியதில்லை என்று இந்தத் தாளே சொல்லிவிடுகிறது. விடுதி நிர்வாகியோ புகைக்கூண்டைப் பற்றி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அது கண்ணுக்குத் தெரிகிற பெரிய சாமான், அதனால்.

உண்மையில் எங்களைப் பிடித்தது காய்வதுதான். அந்த வாரம் முழுக்க மூடுபனி, 6 நாள் 10 நாளானது. நாங்கள் 25 நாளில் முடித்தோம்.

இந்த முறை 1950களின் கடைசியில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து உருவாக்கியது. ரசாயனத் தொழிற்சாலையைக் கட்டுவதற்கும் பராமரிப்புக்காக மூடித் திறப்பதற்கும் எத்தனை நாள் என்று கணக்குப் போடத்தான். ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும்: மிஷின் நிற்கிற ஒவ்வொரு நாளும் கொழுந்து வாசலில் வந்து நிற்கும்.

மேஸ்திரி ‘ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் சார்’ என்கிறார். நம்பலாமா?

அவர் பொய் சொல்லவில்லை. எல்லாம் சரியாக நடந்தால் இரண்டு நாள்தான். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: ‘ரொம்ப நல்லா நடந்தா எத்தனை நாள்? வழக்கமா எத்தனை? மழை வந்து, ஆள் வராம, சாமானும் தாமதமானா எத்தனை?’ மூன்று எண் கிடைக்கும். நல்லதையும் மோசமானதையும் ஒரு மடங்கு, வழக்கமானதை நாலு மடங்கு எடுத்துக் கூட்டி 6ஆல் வகுத்தால் நம்பத்தகுந்த ஒரு எண் வரும். 1958 வாக்கில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகக் கண்டுபிடித்த ‘பெர்ட்’ முறையிலிருந்து வந்த சூத்திரம் இது.

கோயம்புத்தூரிலிருந்து டைல்ஸ் லாரி: நன்றாக நடந்தால் 1 நாள், வழக்கமாக 2, மோசமானால் 9. கணக்கு (1+8+9)/6, அதாவது 3 நாள். அந்த 9ஐச் சொல்லும்போது மேஸ்திரியே சிரித்துவிட்டு, ‘போன வருஷம் பர்லியார்ல மண் சரிஞ்சப்ப அப்படித்தான் ஆச்சு’ என்று ஆரம்பிப்பார். அந்தக் கதைக்காகவே மூன்றாவது கேள்வியைக் கேட்கிறேன். எண்ணைவிட அது பயன்படும்.

கீழ்நாட்டு அட்டவணையை அப்படியே இங்கே பயன்படுத்த முடியாதா?

முடியாது. நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான்.

முதலில் மழை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்தான் பயம். 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரே மாவட்டம்தான், ஆனால் கூடலூருக்குப் போட்ட அட்டவணை கோத்தகிரிக்கு ஆகாது. ஒரு அறக்கட்டளைக்கு இரண்டு ஊரிலும் கட்டடம் இருந்தால், வெளிவேலையை ஒரே மாதத்தில் வைக்காதீர்கள்.

அடுத்து குளிர். கான்கிரீட் தளத்தின் முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்பதற்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரநிலை ஒரு கணக்குத் தருகிறது: தாங்கும் சுவர்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். கீழ்நாட்டில் எல்லாருக்கும் இந்த எண் மனப்பாடம். ஆனால் அது சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கும், வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்கும் சொன்னது என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. ஊட்டியில் ஜனவரி ராத்திரியில் புல் மேல் உறைபனி படிகிறது. சிமெண்ட் மூட்டையில் பெரும்பாலும் பிபிசி (PPC) என்று அச்சிட்டிருக்கிறது, அது போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட், அந்தச் சாதாரண வகை அல்ல. பொறியாளரைக் கேட்டு நாளைக் கூட்டித்தான் எழுத வேண்டும். சமவெளிக் காண்ட்ராக்டர் 7 என்று எழுதிக் கொடுத்தால், நான் பேனாவை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன்.

அப்புறம் சாலை. மைசூர் பக்கமிருந்து சாமான் வருவதாக இருந்தால், பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி போகக் கூடாது, 2009 முதல் இந்தத் தடை. கோவையிலிருந்து டெக்னீஷியன் சொந்தக் காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து. 2025 சீசனில் உயர் நீதிமன்றம் நாளொன்றுக்கு வண்டி எண்ணிக்கையையும் கட்டியது, வார நாளில் 6000, சனி ஞாயிறில் 8000. ஜெனரேட்டரைப் பழுது பார்க்க வருகிறவர் சனிக்கிழமை கிளம்பட்டும் என்று எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆள். காய்ந்த மாதம் ஜனவரி முதல் மார்ச் வரை. கொழுந்தும் அப்போது குறைவு, ஃபேக்டரிகள் மிஷினைக் கழற்றுவதும் அப்போதுதான். லாட்ஜ்காரர்கள் ஏப்ரல் சீசனுக்கு முன் பெயிண்ட் அடிப்பதும் அப்போதுதான். ஆக எல்லாருக்கும் அதே வெல்டர், அதே பெயிண்டர் வேண்டும். நல்ல ஆளுக்கு நவம்பரிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, பொங்கல் நாட்களை அட்டவணையில் முதலிலேயே அடித்துவிடுங்கள். அன்றைக்கு ஆள் வருவார் என்று எழுதுவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது.

மலையில் அவசரப்பட்டு ஒன்றும் நடந்ததில்லை என்று சொல்ல நம் நீலகிரி மலை ரயிலையே காட்டலாம். 1854இல் பேச்சு ஆரம்பித்து, 1891இல் வேலை தொடங்கி, 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் எட்டியது.

வேலை பின்தங்கிவிட்டது. ஆளைக் கூட்டினால் பிடித்துவிடலாமா?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. கிரிட்டிக்கல் பாதையில் இல்லாத வேலைக்கு ஆளைக் கூட்டினால் பணம்தான் போகும். பூச்சு காய்வதற்கு நாலு ஆளை நிறுத்தினாலும் அது அதன் நேரத்தில்தான் காயும். டைல்ஸ் ஒட்டுவது மாதிரி இரண்டு சுவரில் இரண்டு கோஷ்டி நின்று செய்யக்கூடிய வேலைக்கு மட்டும் கூட்டலாம்.

அலுவலக வேலையில் இது இன்னும் மோசம். புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்க, தெரிந்த ஆள் தன் வேலையை நிறுத்த வேண்டும். பேச வேண்டிய ஜோடிகளும் கூடும்: 5 பேர் என்றால் 10 ஜோடி, 10 பேர் என்றால் 45. பழைய உறுப்பினர் லெட்ஜரைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் இருந்த மூன்று பேரோடு கடைசி வாரம் இன்னும் நாலு பேரைச் சேர்த்தார்கள் ஓர் இடத்தில். ‘கி.’ என்றால் கிருஷ்ணனா கிட்டனா என்று அந்த நாலு பேரும் பழைய மூன்று பேரிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரே எலக்ட்ரீஷியன், மூன்று இடம். எல்லாரும் சண்டைக்கு வருகிறார்கள். எப்படிப் பிரிப்பது?

ஒவ்வொரு இடத்திலும் அவருக்கு 4 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். எல்லாரையும் சமாதானப்படுத்த, இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று சுற்ற விட்டால், முதல் இடம் 10-ஆம் நாள், இரண்டாவது 11, மூன்றாவது 12-ஆம் நாள் முடியும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் 4, 8, 12. மூன்றாவது ஆளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, முதல் இரண்டு பேருக்கு லாபம். அருவங்காட்டிலிருந்து மஞ்சூர் போய்த் திரும்பும் பஸ் நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

எந்த இடம் முதலில்? யாருக்கு அடுத்த வேலை எலக்ட்ரீஷியனுக்காக நிற்கிறதோ, அந்த இடம். சத்தமாகப் பேசுகிறவர் இடம் அல்ல. இதை மூன்று இடத்துக்கும் பொறுப்பான செயலாளரே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், எலக்ட்ரீஷியன் தலையில் கட்டக் கூடாது. பாவம், அவர் மூன்று பேருக்கும் ‘நாளைக்கு வர்றேன்ண்ணா’ என்றுதான் சொல்லுவார்.

இன்னொன்று. எட்டு மணி நேர வேலை நாளில் ஆறு மணி நேரம்தான் வேலைக்குக் கிடைக்கும் என்று எழுதுங்கள். மீதி சாமான் தேடுவதிலும் போனிலும் போகும்.

பாதிப் பணம் செலவாகிவிட்டது. அப்படியானால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தமா?

இல்லை. கணக்குப் பிள்ளையும் சூப்பர்வைசரும் தனித்தனி நோட்டு வைத்திருப்பதால் வருகிற குழப்பம் இது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இல் தன் ஒப்பந்தக்காரர்களுக்குக் கட்டாயமாக்கிய முறை, நம் ஊர் விடுதிக்கும் பொருந்தும்.

12 அறை புதுப்பிக்க வேண்டும், 12 வாரம், 24 லட்சம். அறைக்கு 2 லட்சம், வாரம் ஒரு அறை. ஆறாவது வாரச் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறீர்கள். திட்டப்படி 6 அறை முடிந்திருக்க வேண்டும், மதிப்பு 12 லட்சம். உண்மையில் முடிந்தது 4, மதிப்பு 8 லட்சம். செலவு 10 லட்சம்.

செலவை மட்டும் பார்க்கிறவர், ‘12 போயிருக்கணும், 10தான் போயிருக்கு, ரெண்டு லட்சம் மிச்சம்’ என்று சந்தோஷப்படுவார். அப்படியல்ல. 10 லட்சம் கொடுத்து 8 லட்சத்துக்கான வேலைதான் வாங்கியிருக்கிறீர்கள், ரூபாய்க்கு 80 பைசா. இதே போக்கில் போனால் 24ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், முடிக்கும்போது 30 லட்சம் ஆகும். வேகமும் மூன்றில் இரண்டு பங்குதான். 12 வாரம் 18 ஆகும்.

ஆறாவது வாரத்தில் 6 லட்சம் எங்கிருந்து வரும் என்று யோசிக்க நேரம் இருக்கிறது. பதினோராவது வாரத்தில் இருக்காது. மாதம் ஒரு தரம் திட்டப்படியான மதிப்பு, முடிந்த வேலையின் மதிப்பு, செலவு என்ற மூன்று எண்ணையும் ஒரே வரியில் எழுதி கமிட்டி முன் வையுங்கள்.

‘90 சதவீதம் முடிஞ்சது’ என்று மூன்று வாரமாகச் சொல்கிறார்கள்...

அந்தச் சதவீதத்தை ஏற்காதீர்கள். பூட்டுப் போட்டுச் சாவியைக் கையில் கொடுத்தால் 100, இல்லையென்றால் 0. கொஞ்சம் தாராளமாக வேண்டுமானால் தொடங்கியதும் 50, முடித்ததும் மீதி 50. நடுவில் எண்ணே கிடையாது. மேலே சொன்ன கணக்கில் 4 அறை என்றது குழாயில் தண்ணீர் வந்து, பல்பு எரிந்து, கதவு சாத்தின 4 அறை.

ஊழியர்களின் செயல்திறனை எப்படி அளப்பது? டார்கெட் வைக்கலாமா?

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் பதில் தெரியும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ, அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் வைத்தால் கிலோ ஏறும். இரண்டு இலை ஒரு மொட்டு போய், முற்றின இலையும் காம்பும் சாக்கில் வரும். எடை மேடையில் எல்லாருக்கும் நல்ல பெயர், குன்னூர் ஏலத்தில் அந்தத் தூளுக்கு விலை இல்லை. பறித்தவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நீங்கள் கிலோ கேட்டீர்கள், அவர் கிலோ கொடுத்தார். அதனால்தான் விவரமான ஃபேக்டரிகளில் சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மேஜையில் கொட்டி, நல்ல கொழுந்து எத்தனை, முற்றியது எத்தனை என்று பிரித்து எண்ணுகிறார்கள்.

அலுவலகத்திலும் அதே இரண்டு தட்டு வேண்டும்: எவ்வளவு, எப்படி. பதிவு செய்த பக்கங்களை எண்ணினால், கூடவே பத்துப் பக்கத்தை எடுத்துத் தப்பையும் எண்ணுங்கள். அதற்கு முன் இன்னொரு கேள்வி கேளுங்கள்: அவர் தாமதித்தாரா, அவரைத் தாமதிக்க வைத்தோமா? கேட்ட சாமான் எந்தத் தேதியில் வந்தது, கையெழுத்து எந்தத் தேதியில் கிடைத்தது என்று பார்த்தால் பாதிப் புகார் மேஜையின் இந்தப் பக்கத்துக்கு வந்துவிடும். மேனேஜர்களுக்கு இந்தப் பத்தி பிடிப்பதில்லை.

எந்த மென்பொருள் வாங்கலாம்?

முப்பது வரிக்குள் அடங்கும் வேலைக்கு எக்செல் போதும். நூற்றைத் தாண்டினால், ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக நகரும் வசதி வேண்டும், அப்போது எம்எஸ் ப்ராஜெக்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் ப்ராஜெக்ட்லிப்ரே. பிரைமவேரா எல்லாம் அணை, மேம்பாலம் கட்டுகிறவர்களுக்கு. எதுவானாலும் ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டுங்கள். மழையில் கரண்ட் போகும், சிக்னலும் போகும். சுவரில் இருப்பதைச் சமையல்கார அக்காவும் படிப்பார், ‘ஆறாந்தேதி தண்ணி வராதாமே’ என்று அவர்தான் முதலில் கேட்பார்.

வாரக் கூட்டம் அவசியமா?

இருபது நிமிடம், நின்றுகொண்டே, வேலை நடக்கும் இடத்தில். கேள்வி மூன்று: போன வாரம் சொன்னதில் எது முடிந்தது, இந்த வாரம் எது தொடங்கும், யார் எதற்காகக் காத்திருக்கிறார். மூன்றாவதற்கு ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் எழுதுங்கள். ‘அனுமதிக் கடிதம் வரணும்’ என்று விடாதீர்கள், வியாழக்கிழமை ஆபீஸுக்குப் போய்க் கேட்கப் போவது யார் என்று எழுதுங்கள்.

நடுவில் ‘கூடவே இதையும் செஞ்சிடுங்க’ என்கிறார்களே?

செய்யலாம். எத்தனை நாள், எத்தனை ரூபாய் கூடும் என்று ஒரு வரி எழுதி, கேட்டவரிடமே கையெழுத்து வாங்குங்கள். பாதிக் கோரிக்கை அந்தப் பேனாவைப் பார்த்ததுமே போய்விடும்.

தேதி தவறப் போகிறது என்று தெரிந்தால் மேலிடத்துக்கு எப்போது சொல்வது?

தெரிந்த அன்றைக்கே. இதை நான் கற்றுக்கொண்ட விதம் நன்றாக இல்லை. ஒரு விருந்தினர் விடுதி, மே 1 திறக்க வேண்டும். அக்டோபரில் சொல்ல வேண்டிய சுடுதண்ணீர்க் கருவிகளை ஜனவரியில்தான் ஆர்டர் செய்தேன். மார்ச் இரண்டாம் வாரமே எனக்குத் தெரியும், இரண்டு வாரம் தள்ளும் என்று. எப்படியாவது பிடித்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 28 அன்று சொன்னேன். நிர்வாகி என்னைத் திட்டவில்லை. புக்கிங் நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளிவிட்டு, போனையும் பக்கத்தில் வைத்தார். பதினான்கு குடும்பம். சென்னையிலிருந்து மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள், லீவு எடுத்து, டிக்கெட் போட்டு வைத்திருந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் நானே பேசினேன். ஒன்பதாவது அழைப்பில் ஒரு பாட்டி, ‘போன மாசமே சொல்லியிருந்தா கொடைக்கானல் போயிருப்போமேப்பா’ என்றார்.